கரப்பந்தாட்டத்தில் முதற்பந்து: உடலும் ஊக்கமும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் மாலை நான்கு மணிக்குப் பின் ஒரு பாடசாலை வழியாகச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியாக இருக்கலாம், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானாக இருக்கலாம், வவுனியா மாவட்டத்து நெடுங்கேணியாகவும் இருக்கலாம். இரண்டு கம்பங்களுக்கிடையே வலையொன்று கட்டப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் பிள்ளைகள் நிற்பார்கள். சுற்றிலும் துவிச்சக்கரவண்டிகளைச் சாய்த்துவிட்டுப் பார்ப்போர் சிலர் இருப்பர். பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமும் கொண்ட நிலமும், ஒரு வலையும், ஒரு பந்தும் இருந்தாற் போதும், பன்னிரண்டு பேர் விளையாடலாம். பெருஞ்செலவில்லாத இவ்விளையாட்டு எங்கள் ஊர்களில் வேரூன்றியதற்கு இதுவே முதற் காரணம்.

அங்கே சற்று நின்று கவனியுங்கள். வலைக்கு மேலே எழும்பிப் பந்தை ஓங்கி அறையும் பிள்ளைக்கு ஆரவாரம் கிடைக்கும். ஆனால் அந்த அறைக்கு இரண்டு தொடுகைகள் முன்னதாக, எதிரணியின் பந்தைத் தாழ்ந்து நின்று ஏந்தி, நடுவில் நிற்பவருக்கு அனுப்பிய பிள்ளை ஒருவர் இருக்கிறார். அவரை எவரும் பார்ப்பதில்லை. பந்து தவறினால் மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். முதற்பந்தை நன்கு பெறுவதற்கு உடலில் என்னென்ன வேண்டும், உள்ளத்தில் என்ன வேண்டும், அவற்றை எங்கள் பாடசாலைகளில் எவ்வாறு வளர்க்கலாம் என்பன நாம் ஆராய வேண்டிய வினாக்கள்.

முதலில் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்பயிற்சிப் பொறுப்பாளராயிருந்த வில்லியம் மோர்கன் என்பவர் இதனை வகுத்தார். கூடைப்பந்தாட்டம் வயது வந்தோருக்குக் கடினமாயிருக்கக் கண்டு, அவர்களுக்கேற்ற மென்மையான ஆட்டமாகவே இதனை அமைத்தார். 1916ஆம் ஆண்டில், கொழும்பிலிருந்த அதே சங்கத்தின் உடற்பயிற்சிப் பணிப்பாளர் கமக் என்பவர் இலங்கைக்கு இதனை அறிமுகப்படுத்தினார். 1991ஆம் ஆண்டில் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. வடபுலத்து ஊர்களிலோ 'ஓவர்' ஆட்டம் என்றும் 'செற்றப்' ஆட்டம் என்றும் இருவகையாக இதனை ஆடி வருகிறார்கள். எவ்வகையாயினும், எதிரணி பணிக்கும் பந்தை, அஃதாவது நாம் சேர்விஸ் என்று சொல்லும் பந்தை, முதலில் ஏற்பவர் தவறினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பந்தைப் பெறுபவருக்குக் கிடைக்கும் காலம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பந்தொன்று வருவதாகக் கொள்வோம். அது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஆகும். பணிப்பவர் பின்கோட்டுக்கு அப்பால் நிற்கிறார். பெறுபவர் தம் பக்கத்து வலையிலிருந்து ஆறு அல்லது ஏழு மீற்றர் தள்ளி நிற்கிறார். இடைத்தூரம் பதினைந்து, பதினாறு மீற்றர். ஆகவே பந்து ஏறத்தாழ ஒரு செக்கனில் வந்து சேர்கிறது. கண்ணிற் பட்டதை மூளை உணர்ந்து தசைக்குக் கட்டளையிடவே ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில் அவர் திசையைக் கணிக்க வேண்டும், காலடி எடுத்துவைக்க வேண்டும், தாழ வேண்டும், கைகளை இணைக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் எம்பிப் பணிக்கும் பந்து மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேலும் வரும். அப்பொழுது கிடைப்பது அரைச் செக்கனே.

இனி, உடலைப் பற்றிப் பார்ப்போம். முன்கைகளிரண்டையும் நேராக நீட்டி, பெருவிரல்களைச் சமமாக இணைத்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பந்தை ஏற்பதே வழக்கமான முறை. புதிதாகப் பழகும் பிள்ளை கைகளை மேல்நோக்கி வீசிப் பந்தை அடிக்கப் பார்க்கும். பந்து பின்புறமாகவோ கூரைமேலோ பறந்துவிடும். ஏனெனில், பந்து பெறும் வேளையில் முன்கைகள் ஒரு பலகையைப் போன்றவை. சுவரில் எறிந்த பந்து எந்தச் சாய்வில் வந்ததோ அதற்கேற்ற சாய்வில் திரும்புவது போல, இப்பலகையின் சாய்வே பந்தின் வழியைத் தீர்மானிக்கின்றது. வேகமாக வரும் பந்துக்குக் கைகளில் அசைவே வேண்டியதில்லை. மெதுவாக வரும் பந்தை முழங்கால்களை நிமிர்த்தி உந்த வேண்டும். பந்தை வலப்பக்கம் அனுப்ப வேண்டுமாயின் வலத்தோளைச் சிறிது தாழ்த்தினாற் பலகை அப்பக்கம் திரும்பும். கைகள் செய்வதெல்லாம் இவ்வளவே. பந்தின் கீழே உரிய நேரத்தில் உடலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை கால்கள்.

கால் வலிமையில் எங்கள் பிள்ளைகள் குறைந்தவர்களல்லர். நாள்தோறும் பல மைல் துவிச்சக்கரவண்டி மிதித்துப் பாடசாலைக்கு வருவோர் பலர். வயலிலும் தோட்டத்திலும் பெற்றோருக்கு உதவுவோர் பலர். ஆயினும் ஒரு வேறுபாட்டை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். வண்டி மிதிப்பது தொடைக்கு வலிமை தருகின்றது. ஆனால் அவ்வலிமை ஒரே திசையில் இயங்கிப் பழகியது. பந்தைப் பெறுபவரோ இடமும் வலமுமாக, முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று சிற்றடிகள் விரைந்து எடுத்துவைக்க வேண்டும். வயலிற் களை பிடுங்குபவர் இடுப்பில் வளைகிறார். முழங்கால்கள் நேராகவே நிற்கின்றன. பந்தைப் பெறுபவர் முழங்காலை மடிக்க வேண்டும். முதுகு அவ்வளவு வளையக் கூடாது. முல்லைத்தீவுக் கரையிலே கரைவலை இழுப்போரைப் பார்த்திருப்பீர்கள். கால்களை அகற்றி, முழங்கால் மடித்து, உடலின் பாரத்தைத் தாழ்த்தி, மணலில் ஊன்றி நிற்பார்கள். அந்த நிலைக்கு மிக அண்மையானதே பந்தைப் பெறுபவரின் நிலை. இழுப்பவரின் பாரம் பின்புறம் சாயும். பெறுபவரின் பாரம் பாதத்தின் முன்பகுதியில் நிற்க வேண்டும். வேறுபாடு அதுவே.

ஆகவே, வலிமை ஏற்கெனவே உண்டு. அதைப் பக்கவாட்டு விரைவாக மாற்றுவதே பயிற்சியின் வேலை. இதற்குப் பந்தும் வேண்டியதில்லை. மூன்று மீற்றர் இடைவெளியில் இரு கோடுகள் கீறி, தாழ்ந்த நிலையிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பக்கமாக நகர்ந்து தொட்டு வரலாம். இருபது செக்கன் ஆடி, நாற்பது செக்கன் இளைப்பாறி, ஆறுமுறை செய்தாற் போதும். தோளுக்கும் வயிற்றுத் தசைக்கும் தரையில் முன்கை ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பயிற்சி நன்று. பலகை உறுதியாக இருக்கத் தோளும் இடையும் உறுதியாக இருக்க வேண்டுமல்லவா?

கால்களுக்கும் முன்னே தொழிற்படுவது கண். கனடா நாட்டைச் சேர்ந்த யோன் விக்கேஸ் என்னும் ஆய்வாளர் 1990களில் கரப்பந்தாட்டக்காரரின் பார்வையைக் கருவி கொண்டு ஆராய்ந்தார். பந்தைச் சிறப்பாகப் பெறுவோர், எதிரணியின் கையிலிருந்து பந்து புறப்படும்போதே அதைக் கண்ணாற் பற்றி, காலடி எடுத்துவைக்கு முன் நீண்ட நேரம் உறுதியாகப் பின்தொடர்வதாகக் கண்டார். திறன் குறைந்தோரின் பார்வை பந்திற் பிந்தியே படிந்தது. சுழலாமல் மிதந்து வரும் பந்துக்கு இது மேலும் முக்கியமானது. அத்தகைய பந்து காற்றில் இடமும் வலமும் அசைந்து, கடைசி நேரத்தில் திடீரெனத் தாழும். முதலிற் பார்த்த இடத்தை நம்பிக் கைகளை நீட்டியவர் ஏமாந்துபோவார்.

வன்னியிலே காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்ளரங்குகள் அரிதாகையால் பிள்ளைகள் வெட்டவெளியிலேயே ஆடுகின்றனர். ஆண்டின் நடு மாதங்களில் வீசும் சோளகக் காற்றுப் புழுதியையும் பந்தையும் சேர்த்தே அள்ளிச் செல்லும். அறுபத்தைந்து முதல் அறுபத்தேழு சென்ரிமீற்றர் சுற்றளவும், 260 முதல் 280 கிராம் வரை நிறையும் கொண்ட பந்து காற்றுக்கு எளிதில் இணங்கும். காற்று மிகுந்த நாளில் உயரமாக அனுப்பிய முதற்பந்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. அத்தகைய நாளிற் பந்தைத் தாழ்வாகவும், காற்று வரும் பக்கத்துக்குச் சற்று ஒதுக்கியும் அனுப்பப் பழக்க வேண்டும். காற்றென்று பயிற்சியை நிறுத்துவதை விட, காற்றையே ஆசிரியராகக் கொள்வது மேல்.

இவையெல்லாம் உடலைப் பற்றியவை. நல்ல கால்களும் கூரிய கண்ணும் உடைய பிள்ளை ஏன் போட்டியிலே பந்தைத் தவறவிடுகின்றது? இங்கேதான் உள்ளத்தின் பங்கு வருகிறது.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கோட்டமட்டப் போட்டி ஒன்று. பின்வரிசையில் நிற்கும் பதினைந்து வயது மாணவி முதற்பந்தைத் தவறவிடுகிறாள். எதிரணி அதைக் கண்டுகொள்கிறது. அடுத்த பந்தும் அவளுக்கே, அதற்கடுத்ததும் அவளுக்கே. மூன்றாவது பந்தும் தவறியதும் தோழியர் முகம் திருப்புகின்றனர். கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர் ஒருவர் உரக்க ஏசுகிறார். இப்பொழுது அவள் உடலைக் கவனியுங்கள். முழங்கால்கள் நிமிர்ந்துவிட்டன, தோள்கள் இறுகிவிட்டன, பார்வை பந்தைப் பணிப்பவரிடம் இல்லை, ஏசியவரிடம் இருக்கிறது. பந்து தன்னிடம் வரக் கூடாதே என்று அவள் உள்ளம் வேண்டுகிறது. அவ்வாறு வேண்டும் கால் முதலடியை எப்படி எடுத்துவைக்கும்? காலையில் அவளிடமிருந்த வலிமையில் ஒரு துளியும் குறையவில்லை. அதைப் பயன்படுத்தும் விருப்பமே போய்விட்டது. அடுத்த வாரம் அவள் பயிற்சிக்கு வராவிட்டால், "அவளுக்குத் திறமை போதாது" என்று நாம் எழுதி முடித்துவிடுகிறோம்.

ஊக்கம் என்பது வெளியிலிருந்து ஊற்றக்கூடிய எண்ணெய் அன்று. அமெரிக்க உளவியலாளர் எட்வேட் டெசி 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்கும். மாணவர்க்குச் சுவையான புதிர்களைக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் விடைக்குப் பணம் கொடுத்தார். பின்னர் பணம் நின்றதும், பணம் பெற்றோர் ஓய்வு நேரத்திற் புதிரைத் தாமாக எடுத்துப் பார்க்கும் ஆர்வம் குன்றியிருந்தது. உண்மையான பாராட்டுச் சொல்லோ அத்தீங்கைச் செய்யவில்லை. பின்னர் அவரும் றிச்சட் றயன் என்பவரும் சேர்ந்து, மனிதருக்குத் தாமாக முயலும் விருப்பம் தழைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டுமென்றனர். தன்னால் இயலும் என்ற உணர்வு ஒன்று. தானே தெரிந்தெடுத்துச் செய்கிறேன் என்ற உணர்வு மற்றொன்று. தன்னைச் சேர்ந்தவர் தன்னை ஏற்றுக்கொள்கின்றனர் என்ற உணர்வு மூன்றாவது. முதற்பந்தைப் பெறும் பிள்ளையிடம் நாம் பெரும்பாலும் பறிப்பவை இம்மூன்றுமே.

மூன்றாவது தேவை எங்கள் மண்ணிலே தனிக்கனம் உடையது. 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். கண்ணிவெடி அகற்றிய பின்னரே ஊர்கள் ஒவ்வொன்றாக மீண்டும் குடியேறின. விளையாட்டுத் திடல்களும் அவ்வாறே திறந்தன. இன்று பாடசாலையில் உள்ள பிள்ளைகளிற் பெரும்பாலோர் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் இழப்பை அறிந்த வீடுகளில் வளர்பவர்கள். அத்தகைய பிள்ளைக்கு மாலைத் திடல், தன் பெயரைச் சொல்லி அழைப்பாரும் தன்னை எதிர்பார்ப்பாரும் உள்ள இடம். ஒரு பந்து தவறியதற்காக அவ்விடத்தை அவள் இழப்பாளாயின், அவ்விழப்பு வெற்றிக் கிண்ணத்தின் இழப்பினும் பெரிது.

உலக வரலாற்றில் பந்தைப் பெறும் கலையை உயர்த்திய ஓர் அணியை இங்கு நினைக்கலாம். 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் கரப்பந்தாட்டம் முதன்முறையாக ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. பெண்கள் பிரிவிற் சோவியத் அணியை வென்று யப்பான் தங்கம் பெற்றது. அவ்வணியிற் பெரும்பாலோர் கைசுக்காவிலிருந்த நெசவாலையொன்றில் வேலை பார்த்தவர்கள். பயிற்றுநர் தைமற்சு, விழுந்து பந்தை ஏந்தி, அப்படியே தரையில் உருண்டு, உடனே எழுந்து நிற்கும் முறையை அவர்களுக்குப் பழக்கினார். விழுவதற்கு அஞ்சாதவர் எட்டமுடியாத பந்தையும் எட்டலாம் என்று உலகம் கண்டது. அவருடைய பயிற்சியோ நள்ளிரவு வரை நீண்ட கடும் பயிற்சி. வளர்ந்த தொழிலாளருக்கு நடந்த அக்கடுமையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுவருதல் தகாது. நாம் கற்க வேண்டியது, விழுதல் குற்றமன்று, அதுவும் ஒரு திறன் என்ற பாடத்தையே. பரலும் கல்லும் நிறைந்த திடலில் விழுவதற்குப் பிள்ளை அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தைக் கோழைத்தனம் என்று சொல்லாமல், முதலிற் கல்லைப் பொறுக்கிவிடுவோம். முழங்காலுக்கு உறையும், பெண்பிள்ளைகளுக்குக் கூச்சமின்றி அசைய உதவும் நீண்ட காற்சட்டையும் இருந்தால் ஊக்கத்திற் பாதி வந்துவிடும்.

பெறும் கலையின் மதிப்பை விதிகளும் ஏற்றுக்கொண்டன. பந்தைப் பெறுவதற்கும் காப்பதற்கும் மட்டுமென 'லிபரோ' என்னும் தனி ஆட்டக்காரர், வேறு நிறச் சட்டையுடன், 1998ஆம் ஆண்டில் உலக ஆட்டத்திற் புகுத்தப்பட்டார். உயரம் குறைந்த பிள்ளைக்கும் அணியில் மதிப்புள்ள இடம் அதனாற் கிடைத்தது. இப்போதைய முறையில் எவர் பணித்தாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி உண்டு. ஆகவே நன்றாகப் பெற்ற முதற்பந்து நேரே புள்ளிக்கு வழிவகுக்கின்றது.

இனி, ஆசிரியர்களும் அணித் தலைவர்களும் கைக்கொள்ளக்கூடிய சில வழிகளைச் சொல்கின்றேன்.

ஒரே பந்து உள்ள பாடசாலையில் இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றால், ஒருவர் ஒரு மாலையிற் பெறும் பந்துகள் மிகச் சில. ஒரு பகுதியினரைக் காலடிப் பயிற்சிக்கும், ஒரு பகுதியினரைப் பழைய ரெனிஸ் பந்தை எறிந்து தாழ்ந்து பிடிப்பதற்கும், ஒரு பகுதியினரை வலைக்கும் என மாற்றி மாற்றி அனுப்பலாம். தேய்ந்த பந்தொன்றைக் கயிற்றிற் கட்டி மரக்கிளையிலே தொங்கவிட்டால், முன்கைப் பலகையின் சாய்வைத் தனியே பழகலாம்.

வலையருகே, உயர்த்திக் கொடுப்பவர் நிற்கும் இடத்தில், பழைய சைக்கிள் டயர் ஒன்றை வையுங்கள். பெற்ற பந்து அதற்கு ஓரடிக்குள் வந்தால் மூன்று புள்ளி, உயர்த்துபவர் இரண்டடி நகர்ந்து எடுக்கக்கூடியதாயின் இரண்டு, எவ்வாறோ ஆட்டத்தில் நின்றால் ஒன்று, தவறினால் பூச்சியம். பத்துப் பந்துகளில் மூன்று முறை மூன்றும், நான்கு முறை இரண்டும், இரண்டு முறை ஒன்றும், ஒரு முறை பூச்சியமும் பெற்ற பிள்ளையின் கூட்டுத்தொகை பத்தொன்பது. அதைத் தன் கொப்பியில் திகதியிட்டுத் தானே எழுதட்டும். அடுத்த வாரம் இருபத்தொன்று வந்தால், தன்னால் இயலும் என்ற உணர்வை வேறொருவர் ஊட்ட வேண்டியதில்லை. பக்கத்துப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடாமல், அவள் சென்ற வார எண்ணோடேயே ஒப்பிடுங்கள். எந்தப் பயிற்சியை முதலிற் செய்வது என்பதையும் இடையிடையே பிள்ளைகளே தெரியட்டும்.

இருவர் நடுவே விழும் பந்தே பெரும்பாலும் வீணாகின்றது. ஒவ்வொருவரும் மற்றவர் எடுப்பாரென நிற்கின்றனர். "நான்" என்று உரக்கச் சொல்லும் பழக்கம் இதைத் தீர்க்கும். கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு சொல் பந்தை விடக் கடினமானது. ஆகவே அதையும் பயிற்சியாகவே கற்பியுங்கள். பந்து தவறியதும் அருகில் நிற்பவர் தோளைத் தொட்டு, "அடுத்தது" என்று சொல்வதை அணியின் விதியாக்குங்கள். வெளியே நிற்கும் பெரியோருக்கும் இவ்விதி பொருந்தும்.

கடைசியாக ஒன்று. காலையுணவின்றி வந்து, நண்பகல் வெயிலில் வகுப்பிலிருந்து, தாகத்தோடு திடலுக்கு வரும் பிள்ளையிடம் விரைந்த கண்ணையும் காலையும் எதிர்பார்க்க இயலாது. பயிற்சிக்கு முன் ஒரு பிடி அவித்த கடலையும் ஒரு போத்தல் சுத்தமான நீரும் கொடுத்துப் பாருங்கள். கடைசிப் பேருந்து போகுமுன் பயிற்சியை முடியுங்கள். வீடு திரும்பும் வழியை எண்ணிக் கலங்கும் மனம் பந்தைப் பார்ப்பதில்லை.

நேயர்களே, உடல் வலிமையும் உள்ளத்தின் ஊக்கமும் தனித்தனிப் பாடங்களல்ல. நம்பிக்கையுள்ள பிள்ளை முழங்காலை மடிக்கிறது, முன்னதாகப் பார்க்கிறது, ஓரடி முன்னே வைக்கிறது. அஞ்சிய பிள்ளை நிமிர்ந்து நிற்கிறது, பிந்திப் பார்க்கிறது. அடுத்த முறை எங்கள் ஊர்த் திடலோரம் நின்று ஆட்டம் பார்க்கும்போது, வலைக்கு மேலே எழுந்த கையைப் பாராட்டுங்கள். அதோடு, பின்வரிசையிற் புழுதி படிந்த முழங்காலுடன் நிற்கும் பிள்ளைக்கும் ஒருமுறை கைதட்டுங்கள். அடுத்த பந்தை அப்பிள்ளை விரும்பி எதிர்பார்க்கும்.